வீட்டு வாசலுக்கு வரும் பால் இன்னும் எத்தனை வருஷம்?

மடிப்பாக்கம் வாசி கேட்டது:

எங்கள் அடுக்குமாடியில் பால் போடும் அண்ணன் அடுத்த மாதத்தோடு நிறுத்திக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். டிப்போ இருக்குமாம், வேண்டுமென்றால் காலையில் வந்து வாங்கிக்கொள்ளலாமாம், மாடி ஏறிக் கதவில் பையில் போடுவது மட்டும் இனி முடியாதாம். ஏன் என்றால் "ஆள் கிடைக்கலை சார்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்கிறார்.

குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் அன்றிலிருந்து ஒரே ரகளை. ஒரு கோஷ்டி ஏதாவது ஆப்பில் எல்லோரும் சந்தா போட்டுவிடலாம் என்கிறது. இன்னொரு கோஷ்டி, பத்து நிமிஷத்தில் பால் வருகிற காலத்தில் விடியற்காலை பாலே எதற்கு, வேண்டும்போது தட்டினால் போதும் என்கிறது. ஐந்து மணிக்கு டிகாக்‌ஷன் இறக்கிவிட்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் இரண்டு கோஷ்டியையும் திட்டுகிறார்கள். ஆப் என்றால் எனக்கே கொஞ்சம் பயம்தான், ஏனென்றால் 2022 மே மாதம் சூப்பர் டெய்லி என்ற பால் சந்தா ஆப் சென்னை, மும்பை, டெல்லி என்று ஐந்து ஊர்களில் ஒரே மூச்சில் மூடியது நினைவிருக்கிறது. அதற்கு முன் 2019-இல் பெங்களூரு தூத்வாலாவும் இப்படித்தான் போனது.

என் கேள்வி இரண்டு. வீடு வீடாகப் பால் போடும் தொழிலே முடிவுக்கு வருகிறதா, இல்லை எங்கள் ஏரியாவில் மட்டும்தான் இந்தப் பிரச்சினையா? ஆவின், தனியார், இடையில் அமுல் வருகிறது என்ற பேச்சு, இதெல்லாம் சேர்ந்து பால் தொழில் எந்தப் பக்கம் போகிறது? தொழிலில் இருப்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

டிப்போக்காரன் எழுதியது:

சார், உங்கள் பால்காரர் பொய் சொல்லவில்லை, ஆனால் முழுசாகவும் சொல்லவில்லை. அப்பா காலத்திலிருந்து நாங்கள் ஏஜென்சி எடுத்து நடத்துகிறோம், ஆவினும் உண்டு, தனியாரும் உண்டு, அதனால் கணக்கை அப்படியே சொல்கிறேன்.

சென்னைக்கு ஆவின் பால் அம்பத்தூர், மாதவரம், சோழிங்கநல்லூர் என பால் பதப்படுத்தும் மூன்று பண்ணையிலிருந்து வருகிறது. வண்டி நடுராத்திரி தாண்டிக் கிளம்பி பாயின்ட் பாயின்டாக டப் இறக்கிக்கொண்டே வரும். எங்கேயாவது ஒரு இடத்தில் தாமதமானால் அதற்குப் பிறகு உள்ள எல்லோருக்கும் தாமதம், ஆனால் வாடிக்கையாளரிடம் திட்டு வாங்குவது கடைசியில் நிற்கும் ஆள். எண்ணி வாங்க வேண்டும், பையன்கள் லைன் (யாருக்கு எந்தத் தெரு என்று) பிரித்து எடுக்க வேண்டும், அஞ்சரைக்குள் போட்டு முடிக்க வேண்டும். ஞாயிறு, தீபாவளி, மழை எதற்கும் லீவு கிடையாது. பாக்கெட் கிழிந்திருந்தால் மாற்றிக் கொடுக்க ஆயிரம் கேள்வி, பாதி நேரம் நம் தலையில்தான் விழும். கமிஷன் லிட்டருக்குச் சில்லறை ரூபாய், ஒரு பாக்கெட் கிழிந்தால் பதினைந்து பாக்கெட் விற்ற லாபம் அதோடு போச்சு.

பண விஷயம் அதைவிட மோசம். கம்பெனிக்கு நாங்கள் முன்பணம் கட்ட வேண்டும், நீங்கள் மாசக் கடைசியில் கொடுப்பீர்கள். நடுவில் வீடு காலி பண்ணிப் போனவர்களின் பாக்கியைக் கூட்டினால் ஒரு வண்டி வாங்கியிருக்கலாம். பாக்கெட்டில் விலை அச்சடித்திருக்கிறது, அதற்கு மேல் ஐம்பது பைசா கேட்டால் "எம்.ஆர்.பி.க்கு மேல் எப்படி வாங்குகிறாய், புகார் கொடுப்பேன்" என்கிறார்கள். அதே ஆட்கள் சாப்பாடு கொண்டுவரும் தம்பிக்கு டெலிவரி கட்டணம், பிளாட்ஃபார்ம் கட்டணம், மழைக் கட்டணம் எல்லாம் வாய் திறக்காமல் கொடுப்பார்கள். என்னிடம் லைன் போட்ட பையன்கள் அந்த வேலைக்குத்தான் போயிருக்கிறார்கள். விடியற்காலை மூணு மணிக்கு எழுந்து கிடைப்பதை அவன் சாயங்காலம் நாலு மணி நேரத்தில் எடுத்துவிடுகிறான், ஏன் வருவான்?

இதில் கார்டு கதை வேறு. 2022 நவம்பரில் ஆவின் ஆரஞ்சுப் பாக்கெட் லிட்டர் 48-இலிருந்து 60 ஆனது, ஆனால் மாத அட்டை வைத்திருப்பவர்களுக்குப் பழைய 46 ரூபாயே தொடரும் என்றார்கள். மக்களுக்கு நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரே பாலுக்கு லிட்டருக்கு 14 ரூபாய் வித்தியாசத்தில் இரண்டு விலை இருந்தால் டிப்போவில் என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள்? நேர்மையாகத் தொழில் பண்ணுகிறவனையும் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள்.

பத்து நிமிஷ ஆப்பைப் பற்றி ஒன்றே ஒன்று. அவர்களுக்குப் பாலில் லாபம் இல்லை, எங்களுக்கே இல்லாதபோது அவர்களுக்கு எங்கிருந்து வரும். பால் வாங்க உள்ளே வருகிறவர் கூடவே பிஸ்கட்டும் ஷாம்பூவும் எடுப்பார் என்றுதான் பாலை வைத்திருக்கிறார்கள். என்றைக்கு அந்தக் கணக்கு உதைக்கிறதோ அன்றைக்குப் பாலுக்கும் ஒரு கட்டணம் போடுவார்கள்.

குரோய்டன் தமிழன் எழுதியது:

லண்டனிலிருந்து எழுதுகிறேன், இங்கே நடந்ததைச் சொன்னால் உங்களுக்குப் பயன்படலாம். பிரிட்டனில் 1970-களில் பத்து வீட்டில் ஒன்பது வீட்டுக்குப் பால் வாசலுக்குத்தான் வரும். பைன்ட் (அரை லிட்டருக்குக் கொஞ்சம் கூட) அளவு கண்ணாடிப் பாட்டில், அதைக் கொண்டுவரும் சத்தமில்லாத மின்சார வண்டி. ஆமாம், இன்றைக்கு மின்சார வாகனம் என்று நாம் கொண்டாடுவதைப் பால்காரர்கள் அப்போதே ஓட்டிக்கொண்டிருந்தார்கள். இன்று அது நூற்றுக்கு மூன்று நான்கு வீடு என்ற அளவில்தான் இருக்கிறது.

எல்லோரும் குளிர்பதனப் பெட்டி வந்ததால் போச்சு என்பார்கள். அது பாதிக் காரணம். பெட்டி எல்லா வீட்டுக்கும் வந்த பிறகும் பல வருஷம் பால்காரர் இருந்தார். சூப்பர் மார்க்கெட்காரர்கள் பெரிய பிளாஸ்டிக் கேனில் பால்காரர் விலையில் பாதிக்கு விற்க ஆரம்பித்தபோதுதான் அடி விழுந்தது. 1933-இலிருந்து விவசாயிகளின் பாலை மொத்தமாக வாங்கி விற்ற பால் விற்பனை வாரியத்தை 1994-இல் கலைத்தார்கள். அதன்பின் பேரம் பேசும் பலம் கடைக்காரர்கள் கைக்குப் போனது. 2012-இலும் 2015-இலும் விவசாயிகள் தெருவுக்கு வந்து போராடினார்கள், சில இடங்களில் கடைக்குள் புகுந்து பால் அலமாரியையே காலி பண்ணினார்கள். 1990-களின் நடுவில் 35,000-க்கு மேல் இருந்த பால் பண்ணைகளில் இன்றைக்கு மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

இதில் கவனிக்க வேண்டியது, பால் உற்பத்தி குறையவே இல்லை. பண்ணைகள்தான் குறைந்தன, மிச்சமுள்ள பண்ணைகளில் மாடுகள் கூடின. கொரோனா சமயத்தில் பாட்டில் பால் திரும்ப வந்தது என்று செய்தியெல்லாம் போட்டார்கள், எங்கள் தெருவிலும் சில வீடுகளில் வாங்குகிறார்கள், ஆனால் அது கடைப் பாலைவிட நல்ல விலை அதிகம். வசதி உள்ளவர்களின் பழக்கமாகத்தான் திரும்பியிருக்கிறது.

பசுமை மாறன் எழுதியது:

இந்தப் பாக்கெட் பாலையே விட்டுவிடுங்கள் நண்பரே. நாங்கள் நாட்டு மாட்டு ஏ2 பால் வாங்குகிறோம், கறந்து சில மணி நேரத்தில் கண்ணாடிப் பாட்டிலில் வாசலுக்கே வருகிறது. லிட்டர் நூறுக்கு மேல்தான், ஆனால் ரசாயனம் இல்லை, பிளாஸ்டிக் இல்லை. எதிர்காலம் இதுதான்.

மொரப்பூர்க்காரி எழுதியது:

நூறு ரூபாயா? படிக்கிறபோதே மயக்கம் வருகிறது. எங்கள் வீட்டில் மூன்று கறவை, சொசைட்டிக்கும் (ஆவினுக்குப் பால் எடுக்கும் ஊர்க் கூட்டுறவு சங்கம்) ஊற்றியிருக்கிறோம், தனியாருக்கும் ஊற்றியிருக்கிறோம். நகரத்தில் இருப்பவர்களுக்கு இந்தப் பக்கம் தெரியாது என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

சொசைட்டியில் பசும்பாலுக்கு 2022 நவம்பரில் 32-இலிருந்து 35 ஆக்கினார்கள், 2023 டிசம்பரில் ஊக்கத்தொகை 3 ரூபாய் சேர்த்து 38 ஆனது, எருமைப் பாலுக்கு 47. பேப்பரில் 38 என்று வரும், கையில் 38 வராது. கொழுப்பும் எஸ்.என்.எஃப்.பும் (கொழுப்பு போக பாலில் உள்ள மற்ற திடச்சத்து) பார்த்துத்தான் காசு. ஹெச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பு மாடு பால் நிறையக் கறக்கும், ஆனால் கொழுப்பு மூன்றரையில் நிற்கும். ஜெர்ஸியில் கொழுப்பு ஏறும், அளவு குறையும். வெயில் காலத்தில் பசுந்தீவனம் இல்லாமல் எஸ்.என்.எஃப். இறங்கிவிட்டால் லிட்டருக்கு எவ்வளவு வரும் என்று பட்டுவாடா அன்றைக்குத்தான் தெரியும். அந்தப் பட்டுவாடாவும் சொன்ன நாளில் வராது. புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, தவிடு விலை மட்டும் யாருக்கும் காத்திருக்காது.

தனியார் நல்லவரா கெட்டவரா என்று கேட்டால் இரண்டும்தான். காசு சீக்கிரம் வரும், பால் தட்டுப்பாடான மாதத்தில் ரெண்டு ரூபாய் கூடவும் தருவார்கள். மழைக்குப் பிறகு பால் பெருகும்போது விலையைக் குறைப்பதும் அவர்கள்தான். 2020 ஊரடங்கில் டீக்கடையும் ஓட்டலும் மூடியபோது எங்கள் பக்கம் தனியார் வண்டி பாதிப் பாலை வேண்டாம் என்றது, சொசைட்டிதான் எடுத்துக்கொண்டது. எங்கள் ஊரில் இதை யாரும் மறக்கவில்லை, ஆனாலும் அடுத்த வருஷம் ரெண்டு ரூபாய் கூடக் கிடைத்ததும் பாதிப் பேர் திரும்பத் தனியாருக்குப் போனார்கள். குடும்பம் நடக்க வேண்டுமே.

அமுல் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2023 மே மாதம் முதலமைச்சர் ஸ்டாலின் அமித் ஷாவுக்குக் கடிதம் எழுதினார் அல்லவா, அதில் சொன்ன மாவட்டங்களில் எங்கள் தர்மபுரியும் உண்டு. குஜராத் கூட்டுறவான அமுல் கிருஷ்ணகிரியில் குளிரூட்டும் நிலையம் வைத்து சுய உதவிக் குழுக்கள் மூலம் பால் எடுக்கிறது, ஒரு மாநிலக் கூட்டுறவு இன்னொரு மாநிலக் கூட்டுறவின் பகுதிக்குள் நுழையக் கூடாது என்பது அவர் வாதம். ஆவினுக்கு 9,673 சங்கங்கள், நாலரை லட்சம் பேர் பால் ஊற்றுகிறார்கள் என்று அதே கடிதத்தில் இருந்தது. சென்னைக்காரர்கள் அதை அரசியலாகப் பார்த்தார்கள். எங்கள் ஊரில் பெண்கள் கேட்டது ஒன்றுதான்: அவர்கள் எவ்வளவு தருகிறார்கள்? யார் வந்தாலும் விலை கூடினால் சரி என்பவர்களும் உண்டு, நாளைக்கு சொசைட்டி படுத்துவிட்டால் நம்மை யார் கேட்பார்கள் என்பவர்களும் உண்டு. நான் இரண்டாவது கட்சி.

உண்மையான பிரச்சினை ஆள். மாடு வைத்திருப்பவர்களைப் பாருங்கள், பெரும்பாலும் நாற்பதைத் தாண்டிய பெண்கள். காலையும் மாலையும் கறவை, ஒரு கல்யாணத்துக்குப் போய் ஒரு ராத்திரி தங்க முடியாது. பெண்ணைக் கட்டிக் கொடுக்கும்போது மாடு இல்லாத வீடாகப் பார்க்கிறோம், நாங்களே. 2022, 23-இல் பெரியம்மை மாதிரி வந்த தோல் கழலை நோயில் மாடு பிழைத்தாலும் பால் விழுந்துவிட்டது. அதில் விற்றவர்கள் திரும்ப வாங்கவில்லை. காளைக் கன்று பிறந்தால் அதை என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிறோம், உழவுக்கும் ஆகாது. இப்போது பெட்டைக் கன்று போடுவதற்கென்று சினை ஊசி வந்திருக்கிறது, அது ஒன்றுதான் கொஞ்சம் நம்பிக்கையாக இருக்கிறது.

லண்டன் அண்ணன் சொன்னது மாதிரி இங்கேயும் நடந்தால் மூன்று மாட்டுக்காரி இருக்கமாட்டாள், முந்நூறு மாட்டுக்காரன் இருப்பான். பால் உங்களுக்கு வந்துவிடும், அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

லேப் சட்டை எழுதியது:

பசுமை மாறன் சாருக்கு முதலில். தனியார் பால் பண்ணை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டில் இருந்தவன், இப்போது அந்த வேலையில் இல்லை.

ஏ1, ஏ2 என்பது பாலில் உள்ள பீட்டா கேசீன் புரதத்தின் இரண்டு வடிவங்கள். ஏ2 உடம்புக்கு மேல் என்பதற்கு உறுதியான அடிப்படை இல்லை. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) 2024 ஆகஸ்ட் 21 அன்று ஏ1, ஏ2 என்று போட்டு விற்காதீர்கள் என்று உத்தரவு போட்டது, ஐந்தே நாளில் திரும்பப் பெற்றது. அவர்களே திரும்பப் பெற்றுவிட்டார்கள் என்பதால் ஏ2 மேல் என்று ஆகிவிடாது, கலந்து பேசிவிட்டு முடிவெடுக்கிறோம் என்றுதான் சொன்னார்கள். நூறு ரூபாயில் பெரும்பகுதி பாட்டிலைக் கழுவவும் திரும்ப எடுக்கவும் வாசலுக்குக் கொண்டுவரவும் போகிறது. அதற்குக் கொடுப்பது தப்பில்லை, அதற்குத்தான் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுங்கள். காய்ச்சாமல் மட்டும் குடிக்காதீர்கள். பாக்கெட் பாலை 72 டிகிரியில் 15 விநாடி சூடாக்கிக் குளிர்விக்கிறார்கள், கறந்த பாட்டில் பாலுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

ரசாயனம் பற்றி. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2018-இல் நாடு முழுக்க 6,432 மாதிரிகள் எடுத்து, முடிவை 2019 அக்டோபரில் வெளியிட்டது. யூரியா, சோப்புத்தூள் என்று நாம் பயப்படும் ஆபத்தான கலப்படம் இருந்தவை வெறும் 12. ஆனால் அஃப்ளாடாக்சின் எம்1 என்ற நச்சு நூற்றுக்கு ஆறு மாதிரிகளில் அளவுக்கு மேல் இருந்தது, அதில் முன்னணியில் இருந்த மாநிலம் தமிழ்நாடு. யாரும் கலந்ததல்ல அது. பூஞ்சை பிடித்த புண்ணாக்கையும் தீவனத்தையும் மாடு தின்றால் பாலில் வந்துவிடும், பால் காய்ச்சினாலும் போகாது. நாட்டு மாடா, ஜெர்ஸியா, பாட்டிலா, பாக்கெட்டா என்று அதற்குத் தெரியாது. தீவனம் வைக்கும் கொட்டகை காய்ந்து இருக்கிறதா என்பதுதான் கேள்வி. மொரப்பூர் அக்கா சொன்ன தீவனச் செலவோடு நேரடியாக ஒட்டிய விஷயம் இது. மலிவான தீவனம் வாங்க வேண்டிய நிலையில் மாடு வளர்ப்பவரை வைத்துவிட்டுத் தரமான பால் கேட்கிறோம்.

அப்புறம் கொழுப்பு. 2023 கடைசியில் ஆவின் நாலரை சதவீதக் கொழுப்புள்ள பச்சைப் பாக்கெட்டை நிறுத்துகிறோம் என்று சொல்லி, மூன்றரை சதவீத ஊதாப் பாக்கெட்டை அதே லிட்டர் 44 ரூபாய்க்குக் கொடுத்தது நினைவிருக்கும். ஒரு சதவீதம் என்றால் லிட்டருக்கு 10 கிராம், கேட்கச் சின்னதுதான். ஒரு லட்சம் லிட்டருக்கு அது ஒரு டன். அந்த ஒரு டன் வெண்ணெயாகவும் நெய்யாகவும் போனால் வரும் காசு வேறு. பாக்கெட் விலையை ஏற்றினால் ஆட்சிக்குக் கெட்ட பெயர், கொள்முதல் விலையை ஏற்றாவிட்டால் பால் தனியாருக்குப் போய்விடும், நடுவில் இருப்பது இந்தப் பத்து கிராம்தான். என் கணிப்பு, இனி விலையேற்றம் இப்படித்தான் வரும், கொழுப்பைக் குறைத்தோ அரை லிட்டரைக் கொஞ்சம் சுருக்கியோ. தனியாருக்கும் வெறும் பாலில் பெரிதாக ஒன்றும் இல்லை, தயிர், நெய், பனீர், ஐஸ்கிரீமில்தான் லாபம். 2025 செப்டம்பரில் நெய்க்கும் வெண்ணெய்க்கும் ஜி.எஸ்.டி. 12-இலிருந்து 5 ஆனது, பனீருக்கு வரியே போய்விட்டது. எல்லோரும் இன்னும் அந்தப் பக்கம்தான் ஓடுவார்கள்.

மடிப்பாக்கம் வாசி எழுதியது:

நன்றி, எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே தெரிந்துகொண்டேன். மொரப்பூர் அக்காவின் பதிவை எங்கள் குழுவில் போட்டேன், பத்து நிமிஷ கோஷ்டி கொஞ்சம் அடங்கியிருக்கிறது. டிப்போ அண்ணனிடம் ஒரு கேள்வி. சங்கமே ஒரு தொகை பேசி மாதாமாதம் பராமரிப்புக் கட்டணத்தோடு வசூலித்து முதல் தேதியே கொடுத்துவிட்டால் உங்களைப் போன்றவர்கள் வருவீர்களா? எவ்வளவு நியாயம்?

டிப்போக்காரன் எழுதியது:

தாராளமாக வருவோம் சார். ஆனால் தொகையை மட்டும் பேசாதீர்கள், இவற்றையும் சேர்த்துப் பேசுங்கள். பால் காசும் முன்பணமாக வேண்டும், கூலி மட்டும் முதல் தேதி கொடுத்துவிட்டுப் பால் காசை மாசக் கடைசிக்குத் தள்ளினால் எனக்கு வட்டிதான் மிச்சம். பால் வேண்டாம் என்றால் முந்தின நாள் மதியத்துக்குள் சொல்ல வேண்டும், ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் போட்டால் நான் ஆர்டர் கொடுத்து முடித்திருப்பேன். கிழிந்த பாக்கெட்டைக் கீழே செக்யூரிட்டி முன்னால் எண்ணிப் பார்த்துவிடலாம், மாடியில் ஒழுகியது என் கணக்கில் வரக் கூடாது. லிஃப்ட் விடுங்கள். சிரிக்காதீர்கள், பால் போடுகிறவன் லிஃப்ட்டில் ஏறக் கூடாது என்று போர்டு மாட்டிய அடுக்குமாடிகள் உங்கள் ஏரியாவிலேயே இருக்கின்றன, ஆறாவது மாடிக்கு இரண்டு பையோடு படியேறிய பையன் மூன்றாம் நாள் வரமாட்டான்.

கூலியை வீட்டுக்கு இவ்வளவு என்று வைக்காதீர்கள், பாக்கெட்டுக்கு இவ்வளவு என்று வையுங்கள். ஒரு பாக்கெட் வாங்கும் பெரியவரும் நாலு பாக்கெட் வாங்கும் குடும்பமும் ஒரே காசு கொடுத்தால் அடுத்த மாதமே உங்கள் குழுவில் சண்டை ஆரம்பிக்கும். ஒரே பிளாக்கில் இருபது இருபத்தஞ்சு வீடாவது சேர்ந்தால்தான் ஒரு ஆளைப் போட முடியும். முதலில் உங்கள் பழைய பால்காரரிடமே இதைப் பேசிப் பாருங்கள், உங்கள் வீடுகள் அவருக்கு அத்துப்படி. அவர் வேண்டாம் என்றால் சொல்லுங்கள், வேளச்சேரிப் பக்கம் லைன் போடும் ஒருவரைக் கேட்டுப் பார்க்கிறேன்.

மொரப்பூர்க்காரி எழுதியது:

கூலி பேசும்போது தயிரும் அவரிடமே வாங்குகிறோம் என்று சொல்லிவிடுங்கள் தம்பி, தயிரில்தான் லாபம் என்று லேப் தம்பியே சொல்லியிருக்கிறாரே, அவருக்கும் நாலு காசு நிற்கும். எங்களுக்கு அதிலும் ஒன்றும் வராது, அது வேற பஞ்சாயத்து.